கீபோர்டில் பேஸ் கேட்கிறது, ரிக்கார்டிங்கில் காணவில்லை. உதவுங்கள்

ஐந்துகட்டை:
வணக்கம். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன் நான். வீட்டிலேயே டிராக் போட்டுப் பழகலாம் என்று போன வாரம் ஒரு சின்ன 8 சேனல் யூஎஸ்பி மிக்சர் வாங்கினேன். கீபோர்டு 61 கட்டை. பின்பக்கம் ‘ஃபோன்ஸ்/அவுட்புட்’ என்று ஒரே ஒரு பெரிய ஓட்டை, பக்கத்தில் ‘யூஎஸ்பி டூ ஹோஸ்ட்’. லேப்டாப்பில் விண்டோஸ் 10, மென்பொருள் ரீப்பர்.

மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். கீபோர்டையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் ரீப்பரின் ஏசியோ (தாமதம் குறைவாகச் சத்தம் கடத்தும் டிரைவர்) பட்டியலில் கீபோர்டு பெயரே வரவில்லை. சரி, மிக்சர் வழியாகப் போவோம் என்று போனேன். சத்தம் வருகிறது. ஆனால் ஸ்டைல் (கீபோர்டே தானாக வாசிக்கும் பின்னணி) போட்டால் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் சுத்தமாக இல்லை. ஸ்ட்ரிங்ஸ் மட்டும் கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோலக் கேட்கிறது. அதே ஓட்டையில் ஹெட்போனைச் செருகினால் எல்லாம் அருமை! மிக்சரில் பேஸைக் கூட்டும் லோ குமிழை முழுக்கத் திருகியும் பலனில்லை. அப்புறம், டிராக்கை ரிக்கார்டுக்குத் தயார் செய்ததுமே வாசித்தது திரும்பத் திரும்ப எதிரொலித்து, கடைசியில் ஊளையிடுகிறது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார். மிக்சரைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?

மேடைசவுண்ட்:
தம்பி, மிக்சரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். முதலில் கேபிளைப் பாருங்கள். கீபோர்டிலிருந்து மிக்சருக்குப் போகும் கேபிளின் பின்னில் எத்தனை கறுப்பு வளையம்? இரண்டு முனையையும் பார்த்துச் சொல்லுங்கள். மிக்சரில் எங்கே செருகியிருக்கிறீர்கள்?

ஐந்துகட்டை:
இரண்டு முனையிலும் இரண்டிரண்டு வளையம் அண்ணா. ஸ்டீரியோ கேபிள்தான் நல்லது என்று கடையில் கொடுத்தார்கள். முதல் சேனலின் லைன் இன்னில் செருகியிருக்கிறேன்.

மேடைசவுண்ட்:
அங்கேதான் பேஸ் தொலைகிறது.

இரண்டு வளையம் இருந்தால் அது டிஆர்எஸ் பின். ஹெட்போன் ஓட்டையில் அந்தப் பின்னின் நுனிக்கு இடது பக்கச் சத்தமும் நடுப்பகுதிக்கு வலது பக்கச் சத்தமும் வரும். மிக்சரின் லைன் இன் இருக்கிறதே, அது பேலன்ஸ்டு ஓட்டை. நுனியில் வருவதிலிருந்து நடுப்பகுதியில் வருவதைக் கழிப்பதுதான் அதன் வேலை. நீளமான வயரில் வழியில் ஏறும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி இருக்குமாதலால், கழித்தால் அது போய்விடும். மேடையில் 20, 30 மீட்டர் வயர் இழுப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். உங்களுக்கோ இடதிலிருந்து வலது கழிந்துவிட்டது. கிக்கும் பேஸும் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் சம அளவில் வைக்கப்பட்டிருக்கும். ஐந்தில் ஐந்து போனால் என்ன மிஞ்சும்? ஸ்ட்ரிங்ஸும் ரிவெர்பும் (அறை முழக்கம்) பக்கத்துக்குப் பக்கம் வேறுபடுவதால் கொஞ்சம் மிஞ்சுகிறது. அதுதான் அந்தக் கிணற்றுச் சத்தம். இல்லாத பேஸை லோ குமிழ் எங்கிருந்து கொண்டுவரும்?

ஒய் கேபிள் வாங்குங்கள். ஒரு முனையில் இரண்டு வளையப் பின் ஒன்று, மறுமுனையில் ஒற்றை வளையப் பின் இரண்டு. அந்த இரண்டையும் மிக்சரில் 5/6 என்று இருக்கும் ஸ்டீரியோ சேனலின் எல், ஆர் ஓட்டைகளில் செருகுங்கள். கடையில் இல்லாவிட்டால் சால்டரிங் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் கட்டித் தருவார். என் பெட்டியில் நான் கட்டியவையே நான்கு கிடக்கின்றன. கீபோர்டு வால்யூமை முக்கால் அளவில் நிறுத்திவிட்டு மிக்சரில் சரிசெய்யுங்கள். ரீப்பர் மீட்டரில் உச்சம் -12 டிபி பக்கம் இருந்தால் போதும், சிவப்பைத் தொட வேண்டியதில்லை.

ராகமாலிகா:
ஊளைக்கு நான் பதில் சொல்கிறேன். மிக்சரின் மெயின் சத்தம், அதாவது எல்லாச் சேனலும் கலந்தது, யூஎஸ்பி வழியாக ரீப்பருக்குப் போகிறது. ரீப்பர் அதை யூஎஸ்பி வழியாகவே மிக்சருக்குத் திருப்பி அனுப்புகிறது. அது மறுபடி மெயினில் கலந்து மறுபடி ரீப்பருக்குப் போகிறது. செக்கு மாடு கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். டிராக்கில் ரிக்கார்டு பொத்தானுக்குப் பக்கத்தில் மானிட்டரிங் என்று ஒன்று இருக்கிறது, அதை அணையுங்கள். பதிவு நடக்கும், நீங்கள் வாசிப்பதை மிக்சரின் ஹெட்போனில் தாமதமில்லாமல் கேட்கலாம். பழைய டிராக்கைக் கேட்டபடி புதிதாக வாசிக்கும்போது, யூஎஸ்பியில் திரும்பி வருவது மெயினுக்குப் போகாமல் ஹெட்போனுக்கு மட்டும் போக வேண்டும். அதற்குச் சில மிக்சர்களில் தனிப் பொத்தான் உண்டு, தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய பாட்டும் சேர்ந்தே பதிவாகிவிடும்.

கீபோர்டு ஏசியோ பட்டியலில் வராதது கோளாறு இல்லை. உங்கள் கீபோர்டின் யூஎஸ்பியில் சத்தமே போகாது, மிடி மட்டும்தான் போகும். எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற எண்கள், அவ்வளவே. நடு சி கட்டை என்றால் 60, அழுத்தம் 127 வரை. ஸ்வரம் எழுதிய தாளைக் காதில் வைத்தால் பாட்டு கேட்குமா? வாசிக்க ஆள் வேண்டும். ரீப்பரின் பிரிஃபரன்சஸில் மிடி பகுதிக்குப் போய்க் கீபோர்டை இனேபிள் செய்யுங்கள். டிராக்கின் இன்புட்டை மிடி என்று மாற்றி, ரீப்பருடனேயே வரும் ரியாசிந்த் என்ற மென்பொருள் வாத்தியத்தைப் போடுங்கள். இந்த டிராக்குக்கு மட்டும் மானிட்டரிங் ஆனில் இருக்க வேண்டும். மிக்சரை ஏசியோவில் வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம், இரண்டும் மோதாது. கட்டையை அழுத்தியபின் சத்தம் பிந்தி வந்தால் பஃபரை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் சத்தத் துண்டின் அளவு) பாருங்கள். நொடிக்கு 44100 சாம்பிள் கணக்கில் 1024 வைத்தால் அதற்கு மட்டுமே 23 மில்லிசெகண்ட் போய்விடும், 128 வைத்தால் 3. சத்தம் படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள்.

பழையபெல்லோஸ்:
யூஎஸ்பியில் சத்தம் போகாது என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் இருக்கும் கீபோர்டில் ஒரே கேபிளில் இரண்டும் வருகின்றன.

ராகமாலிகா:
உண்மைதான் சார், அப்படியும் வருகின்றன. கீபோர்டை இணைத்துவிட்டு விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் இன்புட் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தம்பிக்கு வரவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. மென்பொருள் ஒலியும் கீபோர்டின் சொந்த ஒலியும் இரட்டையாகக் கேட்டால், கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் லோக்கல் கண்ட்ரோலை (கட்டைக்கும் கீபோர்டின் சொந்த ஒலிக்கும் உள்ள இணைப்பு) ஆஃப் செய்யுங்கள். கச்சேரிக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், திருவிழா மேடையில் ஊமைக் கட்டைகளைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

ஐந்துகட்டை:
ஒய் கேபிள் மாற்றினேன். கிக் நெஞ்சில் இடிக்கிறது அண்ணா! ஊளையும் நின்றுவிட்டது. மிடியும் வந்துவிட்டது. இப்போது பின்னணியில் மெல்லிய ‘ம்ம்ம்’ மட்டும் இருக்கிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் அதுவும் இல்லை.

மேடைசவுண்ட்:
அது எர்த் சுற்று, கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி அதன் வழியே கரண்ட் இரைச்சல் ஏறுவது. லேப்டாப், மிக்சர், கீபோர்டு மூன்றையும் ஒரே பிளக் போர்டில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமல் சத்தத்தை மட்டும் கடத்தும் பெட்டி) ஒன்று வையுங்கள். அதற்குள் எவனாவது சார்ஜரின் எர்த் பின்னை உடைக்கச் சொல்வான், கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும்.

ஐந்துகட்டை:
ஒரே போர்டில் மாற்றியும் கொஞ்சம் இருக்கிறது. டிஐ பாக்ஸ் சம்பளத்துக்கு அப்புறம்தான். இப்போதைக்குச் சார்ஜரைக் கழற்றிவிட்டு வாசிக்கிறேன், பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது.