20 அடி 9 இன்ச் கராஜுக்குள்ள எந்த பாஸ் மீன்பிடி போட் அடங்கும்?

பவானிக்காரன்:
வணக்கம் மக்களே. டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுல இருக்கேன். ஆறு வருஷமா கரையில நின்னே தூண்டில் போட்டுட்டு இருந்தவன். ரெண்டு தடவை காசு கட்டி லேக் ஃபோர்க்குல கைடு போட்ல போனேன், அதோட புத்தி கெட்டுப்போச்சு. 1992-ல பிடிச்ச 18.18 பவுண்டு பாஸ்தான் டெக்சாஸ் ரெக்கார்டு, அது அந்த ஏரி மீன். எனக்குச் சிக்கினது ரெண்டு பவுண்டு.

இப்ப சொந்தமா புது போட் வாங்கணும். சிக்கல் கராஜ்தான். எங்க எச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) டிரைவ்வேயில போட் நிறுத்த விடாது, ஒரு ராத்திரி நின்னாலே லெட்டர் வந்துடும். ஸ்டோரேஜுக்கு மாசாமாசம் அழவும் மனசு வரலை. ரெண்டு கார் கராஜ். கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம். கதவை மூடிட்டு உள்ளே அளந்தா பின்சுவர் வரை 20 அடி 9 இன்ச். ஒரு மூலையில கேஸ் வாட்டர் ஹீட்டர் நிக்குது. மறுபாதியில வீட்டுக்காரம்மா கார் நின்னே ஆகணும். போன வருஷம் ஆலங்கட்டி மழை அந்தக் கார் பானட்டைப் பணியாரச் சட்டி ஆக்கிடுச்சு, அதனால அதுல பேச்சுக்கே இடமில்லை.

18 அடி ஃபைபர்கிளாஸ் ஒண்ணு மனசுல இருக்கு. 20 அடிக்குள்ள 18 அடி போயிடும்தானே? இழுக்கப்போறது டொயோட்டா ஹைலேண்டர் ஹைப்ரிட் கார்.

ஏரிக்கரை67:
போகாது தம்பி. கேட்லாக்ல போடுற 18 அடி வெறும் போட் உடம்போட நீளம். பின்னாடி மோட்டார் தொங்கும், முன்னாடி டிரெய்லர் டங் (காரோட மாட்டுற கம்பி) நீட்டிட்டு நிக்கும். ரெண்டும் சேர்ந்தா 22 அடியைத் தாண்டிடும். கடைக்காரர்கிட்ட "டிரெய்லர்ல ஏத்தின பிறகு மூக்குல இருந்து மோட்டார் வரைக்கும் எவ்வளவு, டங்கை மடக்கினா எவ்வளவு" அப்படின்னு கேளுங்க. வாயால சொன்னா நம்பாதீங்க, டேப்பை நீங்களே பிடிங்க.

மடக்குற டங் இருக்கிற டிரெய்லரா வாங்குங்க, சுமார் ரெண்டு அடி மிச்சமாகும். மோட்டாரைக் கீழ இறக்கி ஒரு பக்கமா முழுசாத் திருப்பி வெச்சா இன்னும் சில இன்ச் கிடைக்கும். ஆனா டிரைவ்வே சரிவுல ரிவர்ஸ் எடுக்கும்போது இறக்கிடாதீங்க, கீழ்நுனி கான்கிரீட்ல உரசும். உள்ளே போன பிறகு இறக்கினாப் போதும்.

அப்புறம் ஹைப்ரிட் இழுக்கிறது 3,500 பவுண்டுதான். 18 அடி ஃபைபர், 150 குதிரை மோட்டார், டிரெய்லர், பெட்ரோல், பேட்டரி எல்லாம் சேர்த்தா அந்தக் கணக்கைப் போய் முட்டும். 17 அடி அலுமினியம் பாருங்க. காத்து அடிக்கிற நாள்ல ரே ராபர்ட்ஸ் ஏரியில முதுகு உடையும், பொய் சொல்லலை. ஆனா ஃபோர்க்குல தண்ணிக்குள்ள நிக்கிற மரக்கட்டையில இடிச்சா அலுமினியத்துக்கு ஒரு நெளிவு, அவ்வளவுதான். ஃபைபர்ல கோட்டிங் பேந்துட்டா கைச்செலவு.

கேட்டியில்இருந்து:
என் கதையைக் கேளுங்க. "தாராளமா அடங்கும் சார்"னு விற்பனையாளர் சொன்னார், நானும் அளக்காம வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்த அன்னைக்கு கராஜ் கதவு நாலு இன்ச்ல மூட மாட்டேன்னுது. மூணு வாரம் கதவைப் பாதி இறக்கி, கீழே போர்வையைச் சொருகி வெச்சிருந்தோம். அணில் ஒண்ணு உள்ளே வந்து சீட்டைக் கடிச்சுது. அப்புறம் டங்குல கீல் போட்டு மடக்குற மாதிரி ஆக்கினேன்.

இன்னொண்ணு, மோட்டார் உள்பக்கம் போற மாதிரி ரிவர்ஸ்லதான் ஏத்தணும். அப்பதான் டங் வாசல் பக்கம் இருக்கும். வண்டியைக் கழட்டிட்டு மடக்கி, கதவை இறக்கிடலாம். மூக்கு முதல்ல போனா தரைச் சரிவுல கையால தள்ளணும், கராஜ் தரை வாசலைப் பார்த்துதான் சரியும். கோணலா நிறுத்தலாம்னு யாராவது யோசனை சொல்வாங்க. கொஞ்சம் நீளம் கிடைக்கும்தான், ஆனா பணியாரச் சட்டி வெளியே போயிடும்!

பவானிக்காரன்:
அதுக்கு நானே வெளியே போய்ப் படுத்துக்கலாம் :) ரெண்டு கார் கராஜ் போக, மூணாவது காருக்குன்னு ஒரு ஷெட் இருக்கு. அதுக்குத் தனிக் கதவு, 8 அடி அகலம். அதுல விடலாமா?

ஏரிக்கரை67:
போட் அகலத்தை விட்டுட்டு டிரெய்லர் மட்கார்டு அகலத்தைப் பாருங்க. சட்டப்படி 8 அடி 6 இன்ச் வரை இருக்கலாம். 8 அடிக் கதவுல அது எப்படிப் போகும்? உயரமும் பாருங்க, பின்னாடி குத்து நங்கூரம் (ஏரித் தரையில குத்தி போட்டை நிறுத்துற கம்பம்) மாட்டினா 7 அடிக் கதவுல இடிக்கும்.

அளவெல்லாம் சரியா வந்தாலும் அந்த ஹீட்டரை மறக்காதீங்க. பைலட் (எப்பவும் எரியுற சின்னச் சுடர்) இருக்கிற ஹீட்டர் பக்கத்துல பெட்ரோல் டேங்க், பேட்டரி சார்ஜர். பெட்ரோல் ஆவி தரையோடதான் ஊரும். ஹீட்டர் பர்னர் தரையிலிருந்து 18 இன்ச் மேல இருக்கான்னு பாருங்க, சார்ஜ் போடும்போது கதவைத் திறந்து வைங்க. ஏரியை விட்டுக் கிளம்பும்போதே போட்ல இருக்கிற தண்ணியை முழுக்க வடிச்சிடணும், ஸீப்ரா மசல்ங்கிற சிப்பி பரவாம இருக்க டெக்சாஸ்ல அது சட்டம். கராஜும் நாறாது.

பவானிக்காரன்:
சனிக்கிழமை கடைக்கு டேப்போட போனேன். 18 அடி ஃபைபர், டங் மடக்கியும் 21 அடி 2 இன்ச். கண்ணை மூடிட்டு வந்துட்டேன். 17 அடி அலுமினியம் ஒண்ணு, மடக்கினா 19 அடி 10 இன்ச், மட்கார்டு 7 அடி 9 இன்ச். வீட்டுக்கு வந்து கராஜ் தரையில நீல டேப் ஒட்டி அந்த அளவுக்குக் கட்டம் போட்டேன். வீட்டுக்காரம்மா காரை உள்ளே விட்டு, கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தாங்க. "இறங்க முடியுது. மளிகைப் பையோட முடியுமா?"ன்னாங்க. நாளைக்கு அரிசி மூட்டையோட மறுபடி டெஸ்ட்.