சிறிய வெங்கிணாந்தியை (மலைப்பாம்பை) வீட்டில் வளர்க்கலாமா?

உரும்பிராய்த் தம்பி:
வன்னியிலிருந்து வந்த விறகை இறக்கும்போது ஒன்றரை முழ நீளத்தில் ஒரு வெங்கிணாந்திக் குட்டி அகப்பட்டது. மண்வெட்டியோடு ஓடிவந்தவர்களை மறித்து, அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நஞ்சில்லாத பாம்பு. தூக்கினாலும் பேசாமல் கிடக்கிறது. வளர்க்க ஆசையாக இருக்கிறது. வெளிநாடுகளில் வளர்க்கிறார்கள்தானே?

பனையோலை (ரொறன்ரோ):
வளர்க்கிறோம் தம்பி. என்னிடம் இருப்பது ‘போல் பைத்தன்’ (Ball Python) என்ற சிறிய மலைப்பாம்பு. மேற்கு ஆபிரிக்க இனம். இது கூண்டிலேயே பொரித்த குட்டி. பெரும்பாலும் ஐந்து அடிக்குள் நின்றுவிடும். கையில் எடுத்தால் முதலில் தலையை நடுவில் புதைத்து உருண்டையாகிவிடும். அசையாமல் காத்திருந்தால் நாக்கு வெளியே வரும், பிறகு உடல் தளர்ந்து மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். இவ்வளவு சாதுவான பிராணியைப் பார்த்து ஊரே நடுங்குவது எனக்கு வருத்தம். அது கடிக்க வந்தால் பெரும்பாலும் பிழை நம்முடையது. உதட்டோரக் குழிகளால் சூட்டை உணரும் பாம்பு அது. எலி வாடையோடு இளஞ்சூடான கை நீண்டால் இரை என்றே எண்ணும். தோல் கழற்றுமுன் கண் பால்போல் மங்கும் நாட்களிலும் தொடக்கூடாது.

தீவகத்தான்:
அக்கா, அந்த உருண்டை அமைதி அல்ல, அச்சம். பகையிடமிருந்து தலையைக் காக்க அது அப்படிச் சுருள்கிறது. பாம்பு நம்மைப் பொறுத்துக்கொள்ளப் பழகும், நம்மோடு ஒட்டாது. அந்த வேறுபாட்டை மறைத்துச் சாது என்று சொல்வதுதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது.

தம்பியிடம் இருப்பதோ போல் பைத்தனே அல்ல. நம் நாட்டு வெங்கிணாந்தி பத்து அடிக்கு மேல் வளரும். அதன் குட்டிகள் அஞ்சினால் சீறிக் கொத்துபவை. பேசாமல் கிடப்பது பயத்தில் ஒடுங்கியிருப்பதாக இருக்கலாம். வளர்ந்தபின் என்ன செய்வீர்கள்? புளோரிடாவில் செல்லப் பிராணியாக வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் தப்பியும் கைவிடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலமெங்கும் பெருகிவிட்டன. 2012இல் அமெரிக்கா அவற்றின் இறக்குமதியையே தடுத்தது.

உரும்பிராய்த் தம்பி:
ஐயா, நான் வைத்திராவிட்டால் அது அன்றே செத்திருக்கும். புடையன் (கண்ணாடி விரியன்) என்று சொல்லித்தான் அடிக்க வந்தார்கள். நாகதம்பிரானுக்குப் பாலும் பழமும் வைக்கிற ஊர், வெங்கிணாந்திக்கு மட்டும் பொல்லைத் தூக்குகிறது. வீட்டில் வைத்து நாலு பேருக்குக் காட்டினால் பயம் போகாதா?

கரவெட்டி ரீச்சர்:
தம்பி, நீங்கள் அதைக் காப்பாற்றியதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் காட்டுவதில்தான் எனக்குப் பயம். புடையனின் முதுகில் கறுத்த ஓரமுள்ள முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலிபோல் வரிசையாக இருக்கும். வெங்கிணாந்தியில் அவை பெரிய, ஒழுங்கற்ற திட்டுகள். தலையில் அம்புமுனை போன்ற அடையாளமும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு இது தெரியுமா? உங்கள் வீட்டில் பாம்பைத் தடவிய பிள்ளை நாளை தோட்டத்தில் புடையன் குட்டியைத் தூக்கும். அதன் கடி இரத்தத்தை உறையவிடாது. சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும். ஊருக்குப் படத்தைக் காட்டுங்கள், பாம்பை வேண்டாம்.

பனையோலை (ரொறன்ரோ):
ரீச்சர் சொல்வதை இங்கே இருந்துகொண்டு நான் யோசிக்கவில்லை. எங்களுக்குப் புடையன் இல்லை. காட்டுக் குட்டியை வைத்திருக்கச் சொல்லமாட்டேன். ஆனால் தீவகத்தான் ஐயாவோடு முழுதும் உடன்படவும் முடியாது. ஒட்டாத உயிரை வளர்க்கக்கூடாது என்றால் மீன்தொட்டியும் ஆகாது. ஒளிய இடம், ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, இவை இருந்தால் போல் பைத்தன் முப்பது ஆண்டுகூட வாழும். சில மாதம் இரை தொடாமல் இருந்தாலும் பதறாத பொறுமைதான் வளர்ப்பவருக்கு வேண்டும்.

தீவகத்தான்:
மீன்தொட்டிக்கும் என்னிடம் அதே கேள்விதான் அக்கா: யாருக்காக வைத்திருக்கிறோம்? அதை இன்னொரு நாள் பேசுவோம். தம்பி, வெங்கிணாந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வீட்டில் வைத்திருக்க முடியாது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு இன்றே அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை பெட்டியில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். நிழலில் வையுங்கள், இரை கொடுக்க வேண்டாம், யாரையும் தொடவிடாதீர்கள்.

உரும்பிராய்த் தம்பி:
அறிவித்துவிட்டேன் ஐயா. எடுத்துவந்த வன்னிக் காட்டிலேயே விடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். போல் பைத்தன் பற்றிப் பனையோலை அக்காவிடம் இன்னும் கேட்க இருக்கிறது.