85 மி.மீ. லென்ஸில் மூக்கு கூர்மை, கண் மங்கல்: மிரர்லெஸுக்கு மாறினால் தீருமா?

கேட்டவர்:
வணக்கம். பல ஆண்டுகளாக நிக்கான் டி750 வைத்திருக்கிறேன், உள்ளே கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கேமரா. லென்ஸ்கள் மூன்று: 24-120 எஃப்4, 85 எஃப்1.8ஜி, பழைய 50 எஃப்1.8டி. 85-இன் ஒளித்துளையை எஃப்1.8 வரை முழுவதும் திறந்து முகம் எடுத்தால் பாதிப் படங்களில் மூக்கு நுனி கூர்மையாக விழுகிறது, இமைமுடி மங்கிவிடுகிறது. இன்னொரு தொல்லை, மேடை நாடகம். அரங்கமே மூச்சடங்கியிருக்கும் காட்சியில் கேமராவின் கண்ணாடி எழுந்து விழும் சத்தம் நாலு வரிசைக்குக் கேட்கிறது. எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவான நிக்கான் இசட்5 வாங்கலாமா? எடையும் குறையும் என்கிறார்கள்.

முதல் பதில்:
தயங்காமல் மாறுங்கள். நான் மாறிய நாள்முதல் கண்ணைக் கேமராவே தேடிப் பிடித்துக்கொள்கிறது. டி750-இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே குவிந்திருக்கும். மிரர்லெஸில் சட்டகத்தின் ஓரம் வரை புள்ளிகள் உண்டு.

இரண்டாம் பதில்:
விற்பதற்கு முன் ஒரு மாலை நேரம் செலவிடுங்கள். ஒன்றரை மீட்டரில், எஃப்1.8-இல், கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். மூக்கிலிருந்து கண்ணுக்குப் போவதற்குள் அது தீர்ந்துவிடும். நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பும் பழக்கம் இருந்தால் பிழை பின்பக்கம் விழும், காதுதான் கூர்மையாகும். உங்களுக்கு விழுவது முன்பக்கம். ஆகவே கைப்பழக்கத்தைவிட லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகாததையே முதலில் சந்தேகிக்கிறேன்.

டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸைப் பார்க்கும் உணரி தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, படம் பதிவது சென்சாரில். இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம் வந்தால் போதும். கேமராவை முக்காலியில் வைத்து, சாய்த்து வைத்த அளவுகோலின் ஒரே கோட்டை கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாக ஒருமுறை, பின்திரையில் பார்க்கும் லைவ் வ்யூவில் ஒருமுறை எடுங்கள். லைவ் வ்யூ சென்சாரையே பார்த்து ஃபோகஸ் செய்யும். அது சரியாக இருந்து மற்றது முன்னால் விழுந்தால், அமைப்புப் பட்டியலில் ஃபோகஸ் விழும் இடத்தைத் திருத்தும் ஏ.எஃப். ஃபைன் டியூனைத் திறந்து கூட்டல் பக்கம் நகர்த்துங்கள். எல்லை 20 வரை.

கேட்டவர்:
நேற்று இரவே செய்தேன். லைவ் வ்யூவில் 15-ஆம் கோடு கத்திபோல் இருக்கிறது, வ்யூஃபைண்டரில் 14-இல் விழுகிறது. கூட்டல் 9 வைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காலையில் மகளை எடுத்தேன், இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம்! இத்தனை நாள் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் நாடகச் சத்தம் அப்படியே இருக்கிறதே?

மூன்றாம் பதில்:
அதற்கு மிரர்லெஸ்தான் வழி, ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. சத்தமே இல்லாத மின்னணு ஷட்டரில் இசட்5 போன்ற கேமராக்கள் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிக்கின்றன. மேடையில் எல்.இ.டி. விளக்கு துடித்தால் படத்தில் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழும், வேகமாக வீசும் கை வளையும். பட்டை விழுந்த படத்தைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. திரை அசைந்து திறந்து மூடும் எந்திர ஷட்டருக்கு மாறினால் பட்டைத் தொல்லை பெருமளவு குறையும். கொஞ்சம் சத்தம் வரும், ஆனாலும் கண்ணாடி அடிக்கும் சத்தம் இல்லை.

லென்ஸ் விஷயம்: உங்கள் லென்ஸ்களை இசட்5-இல் பொருத்த உதவும் எஃப்.டி.இசட். அடாப்டரில் 85-உம் 24-120-உம் தானாக ஃபோகஸ் செய்யும். 50 டி-க்குள் மோட்டார் இல்லை, அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். எடையை நம்பி மாறாதீர்கள். டி750 உடல் 750 கிராம், இசட்5 590 கிராம், எஃப்.டி.இசட். அடாப்டரின் முதல் பதிப்பு 135 கிராம். கூட்டிப் பாருங்கள், மிச்சம் 25 கிராம். பேட்டரியும் டி750 அளவுக்கு நீடிக்காது.

கேட்டவர்:
அடுத்த நாடகத்துக்கு இசட்5-ஐயும் அடாப்டரையும் வாடகைக்கு எடுக்கிறேன். ஒத்திகையன்றே அதே விளக்குகளில் இரண்டு ஷட்டரையும் சோதித்து, பட்டை விழுகிறதா என்று இங்கேயே எழுதுகிறேன். டி750-ஐ இப்போதைக்கு விற்கவில்லை.