கலைச்சொல்: 1949 ஒப்பந்தங்களைப் ‘போர்நிறுத்தம்’ என்று சொல்லலாமா?

திங்கள் இரவு, சென்னை

குழுமத்தாருக்கு வணக்கம்.

1948 பாலஸ்தீனப் போர் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இருநூறு பக்கம் சிக்கலில்லாமல் ஓடிவந்தது. இப்போது ஒரே ஒரு வாக்கியத்தில் நாலு நாளாக நிற்கிறேன். 1948 நவம்பர் 16 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 62-ஆவது தீர்மானம் அது. அதன் சாரம் என் கையில் தமிழாகும்போது இப்படி வந்தது:

“இப்போதைய போர்நிறுத்தத்திலிருந்து நிலையான சமாதானத்துக்குச் செல்ல ஏதுவாக, பாலஸ்தீனத்தின் எல்லாப் பகுதிகளிலும் போர்நிறுத்தம் ஏற்படுத்தப்பட வேண்டும்.”

வாசித்துப் பார்த்த என் மகள், “அதான் நிறுத்தியாச்சே, அப்புறம் எதை நிறுத்துறாங்க?” என்றாள். மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொல். முதலாவது ட்ரூஸ், சண்டையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது. இரண்டாவது ஆர்மிஸ்டிஸ், ஒப்பந்தம் எழுதிப் படை நடவடிக்கைகளை நிறுத்துவது. போன அத்தியாயத்தில் சீஸ்ஃபயர் (சுடுவதை நிறுத்துவது) வேறு வந்து போனது. மூன்றுக்கும் போர்நிறுத்தம் என்றே போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

வேறுபாடு சும்மா அகராதிக்காரர்களுடையது அல்ல. ஐ.நா. நடுவர் பெர்னடாட் முயன்று 1948 ஜூன் 11-இல் தொடங்கியது நாலு வாரத்துக்கான ட்ரூஸ். வாரம் முடிந்ததும் மறுபடி அடித்துக்கொண்டார்கள். ஜூலை 18-இல் இரண்டாவது ட்ரூஸ். செப்டம்பர் 17 அன்று ஜெரூசலேமில் பெர்னடாட்டை லெஹி என்ற யூத ஆயுதக் குழுவினர் சுட்டுக்கொன்றார்கள். அவர் இடத்துக்கு வந்த ரால்ஃப் பன்ச், ரோட்ஸ் தீவில் பேச்சைத் தொடங்கி, இஸ்ரேலுக்கும் ஒவ்வொரு அரபு நாட்டுக்கும் இடையே தனித்தனியாக எழுதி வாங்கியதுதான் ஆர்மிஸ்டிஸ். எகிப்து 1949 பிப்ரவரி 24, லெபனான் மார்ச் 23, ஜோர்டான் ஏப்ரல் 3, சிரியா ஜூலை 20. ஈராக் கையெழுத்தே போடவில்லை. பன்ச்சுக்கு அடுத்த ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காகிதத்தையும் நாலு வார ட்ரூஸையும் ஒரே பெயரால் அழைத்தால் பன்ச் என்னதான் செய்தார் என்று தமிழ் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு சொல் கொடுங்கள்.


செவ்வாய், மதுரை

உங்களுக்கு நாலு நாள் இருக்கிறது. எனக்கு இரவு பதினொன்றரைக்கு நாளிதழ்ப் பக்கம் முடிய வேண்டும். தலைப்பில் ‘போர்நிறுத்தம்’ ஏழு எழுத்து. வாசகருக்குத் தெரிந்த சொல், அதுவே பெரிய விஷயம்.

2023 நவம்பரில் காஸாவுக்கு ‘மனிதாபிமான இடைநிறுத்தம்’ என்று எழுதினோம், பாதுகாப்பு கவுன்சிலின் 2712-ஆவது தீர்மானத்தில் இருந்த சொல்லுக்காக. இரண்டாவது பத்தியிலேயே அது ‘தற்காலிகப் போர்நிறுத்தம்’ ஆகிவிட்டது. யாரும் கடிதம் போட்டுக் கேட்கவில்லை. நூலுக்கு வேண்டுமானால் புதுச்சொல் செய்யுங்கள். நாளிதழில் நுழையாது, சொல்லிவிட்டேன்.


செவ்வாய் மாலை, காயல்பட்டினம்

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் பதினோரு வருடம் அரபி–ஆங்கிலத் தட்டச்சு பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அரபிப் பத்திரிகையில் மூன்று சொல் புழக்கத்தில் இருக்கிறது. ‘வக்ஃப் இத்லாக் அந்நார்’ என்றால் சுடுவதை நிறுத்துவது, அச்சு அசலாகச் சீஸ்ஃபயர். ‘தஹ்திஆ’ என்றால் தணிப்பு. 2008 ஜூன் 19-இல் எகிப்து நடுவில் நின்று ஹமாஸுக்கும் இஸ்ரேலுக்கும் ஆறு மாதத்துக்கு ஏற்படுத்தியது இந்தப் பெயரில்தான். ஒப்பந்தம் என்று சொன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா, அதனால் வெறும் தணிப்பு. மூன்றாவது ‘ஹுத்னா’. இது பழைய சொல். கி.பி. 628-இல் நபிகளார் மக்காவின் குறைஷிகளுடன் ஹுதைபிய்யாவில் செய்த பத்தாண்டு உடன்படிக்கையை நம் மதரஸாப் பிள்ளைகளும் சொல்லும். யேமனில் 2022 ஏப்ரல் 2-இல் வந்ததும் ஹுத்னாதான். இரண்டு மாதத்துக்கு என்று தொடங்கி, இருமுறை நீட்டி, அக்டோபர் 2-இல் காலாவதியானது. காலாவதியான பிறகும் இரு தரப்பும் பழைய வேகத்தில் போருக்குத் திரும்பவில்லை. காகிதம் செத்தும் சொல் உயிரோடு இருந்தது.

தம்பி கவனிக்க வேண்டியது வேறு. ரோட்ஸ் ஒப்பந்தங்களுக்கும் அரபியில் ஹுத்னா என்றுதான் பெயர். அதாவது ட்ரூஸுக்கும் ஆர்மிஸ்டிஸுக்கும் அவர்களே ஒரு சொல்லை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். எபிரேயத்தில் அப்படி இல்லை. எங்கள் அலுவலகத்தில் இருந்த பாலஸ்தீனப் பெரியவர் எபிரேயமும் படிப்பார். 1949-க்கு அவர்கள் சொல் ‘ஷ்விதத் நெஷெக்’ என்றார். ‘நெஷெக்’ ஆயுதம். ‘ஷ்விதா’ சபாத் என்ற ஓய்வுநாளின் வேரிலிருந்து வருவது, வேலைநிறுத்தத்துக்கும் அதே சொல். ஆயுதங்கள் ஸ்டிரைக் பண்ணுகின்றன என்று சொல்லிச் சிரிப்பார்.


புதன் காலை, தஞ்சாவூர்

காயல் அன்பரின் மடல் அருமை. என் பங்குக்கு.

ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மதிலை வளைக்க உழிஞை, காக்க நொச்சி என்று போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பூச்சூட்டிய நம் மரபு, நிறுத்துவதற்கு ஒரு பூவைத் தரவில்லை. அருகில் வருவது துணைவஞ்சி என்னும் துறை. உறையூரை நலங்கிள்ளி முற்றியிருந்தபோது, உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் அவனுக்கும் இடையே கோவூர் கிழார் நின்று பாடினாரே, அது. இப்படி இடைநின்று செய்விப்பதைச் ‘சந்து செய்தல்’ என்பார்கள். ‘போர்ச்சந்து’ என்று ஆக்கலாமா?

ட்ரூஸுக்கு ‘போர்த்தவணை’ என்பதையும் முன்வைக்கிறேன். நாலு வாரம், இரண்டு மாதம், ஆறு மாதம் எல்லாம் தவணைதானே.


புதன் இரவு, சென்னை

ஐயா, சந்து என்றால் இன்றைக்கு மூத்திரச் சந்துதான் கண்ணில் வருகிறது. மன்னிக்க வேண்டும்.

தவணை என்ற சொல்லைக் கண்டதும் துள்ளினேன். பிறகு மூலத்தைப் பார்த்தேன். முதல் ட்ரூஸுக்கு நாலு வாரக் கெடு உண்டு. இரண்டாவதற்கு இல்லை. அமைதியான தீர்வு வரும்வரை நீடிக்கும் என்று 54-ஆவது தீர்மானம் சொல்கிறது. தவணை இல்லாத தவணை! போதாக்குறைக்குப் ‘போர்த்தவணை’ என்றால் போரை மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டி நடத்துவதுபோல் ஒலிக்கிறது. முதல் ட்ரூஸின் நாலு வாரத்தில் இஸ்ரேல் வெளிநாட்டு ஆயுதங்களை இறக்கிக்கொண்டதை நினைத்தால் அதுவும் பொருத்தம்தான் என்று ஒரு குறும்பு தோன்றியது, அடக்கிக்கொண்டேன். ட்ரூஸுக்கு ‘இடைக்காலப் போர்நிறுத்தம்’ என்று நீட்டியே எழுதிவிடுகிறேன். அதில் சண்டையில்லை.

ஆர்மிஸ்டிஸுக்கு எனக்கு ஒரு சொல் அகப்பட்டிருக்கிறது: ‘போர்க்கிடப்பு’. போர் முடியவில்லை, நடக்கவும் இல்லை. கோப்பைக் கிடப்பில் போடுவதுபோலப் போரைக் கிடப்பில் போட்டார்கள். எங்கள் ஊர் அலுவலகங்களில் ஒரு மனு கிடப்பில் கிடந்தால் அது தள்ளுபடியும் இல்லை, அனுமதியும் இல்லை. அதே நிலை. 1907 ஹேக் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: ஆர்மிஸ்டிஸ் படை நடவடிக்கைகளை நிறுத்திவைக்கிறது. காலவரை குறிக்கவில்லை என்றால் எதிரிக்கு முன்கூட்டி அறிவித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொடங்கலாம். தமிழ்ச்சொல், கேட்டவுடன் புரிகிறது. என்ன சொல்கிறீர்கள்?


வியாழன், டொரன்டோ

தம்பி, ‘கிடப்பு’ வடிவான சொல். ஆனால் வேண்டாம். காரணம் சொல்கிறன், கொஞ்சம் நீளும்.

1949-க்குப் பிறகு எகிப்து என்ன செய்தது? இஸ்ரேலுக்குப் போகிற சரக்கைச் சூயெஸ் கால்வாயில் மறித்தது. கப்பலில் ஏறிச் சோதிக்க எங்களுக்கு உரிமை இருக்கு, ஏனென்றால் சட்டப்படி யுத்தம் முடியவில்லை, கையெழுத்து வைத்தது சமாதானத்துக்கு இல்லை என்றது கெய்ரோ. அதாவது, தம்பி, உங்களுடைய ‘கிடப்பு’ வாதம்தான். 1951 செப்டம்பர் 1-இல் பாதுகாப்புச் சபை 95-ஆவது தீர்மானத்தில் இதை மறுத்தது. ஏறக்குறைய இரண்டரை வருஷமாக நடைமுறையில் இருக்கிற இந்த ஏற்பாடு நிரந்தரத் தன்மை கொண்டது, ஆகவே இரு தரப்பும் தம்மைப் போரில் இருப்பவர்களாகச் சொல்லிக்கொண்டு சோதனை உரிமை கோர முடியாது என்றது. கெய்ரோ கேட்கவில்லை, மறிப்பு தொடர்ந்தது.

அப்போ ஆர்மிஸ்டிஸ் என்றால் யுத்தம் தூங்குகிறதா, செத்துவிட்டதா என்பதே வழக்கு. நீங்கள் ‘போர்க்கிடப்பு’ என்று எழுதினால் தீர்ப்பைக் கெய்ரோவுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ‘போர்முடிவு’ என்று யாரும் எழுதினால் டெல் அவிவுக்கு. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த அதிகாரம் இல்லை.

இது பழங்கதையும் இல்லை. 1991-இல் ஈராக்குக்கு 687-ஆவது தீர்மானத்தில் வந்தது சீஸ்ஃபயர். 2003-இல் வாஷிங்டனும் லண்டனும் என்ன வாதிட்டன? ஈராக் நிபந்தனையை மீறிவிட்டது, ஆகவே 1990-இல் 678-ஆவது தீர்மானம் கொடுத்த படை அனுமதி மறுபடி உயிர்க்கிறது என்று. கிடப்பில் இருந்த கோப்பைத் தூசி தட்டி எடுத்த கதை. 2006-இல் லெபனானுக்கு வந்த 1701-ஆவது தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். பகைமைச் செயல்களை நிறுத்துதல் ஓரிடத்தில், நிரந்தர சீஸ்ஃபயர் இன்னோரிடத்தில், 1949 மார்ச் 23 ஆர்மிஸ்டிஸ் வேறோரிடத்தில். மூன்றும் ஒரே தாளில். ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1995 ஜனவரி 8-இல் கொழும்புக்கும் புலிகளுக்கும் இடையே நடைமுறைக்கு வந்தது பகைமைச் செயல் நிறுத்தம். 2002 பெப்ரவரியில் வந்தது சீஸ்ஃபயர். விலகுவதென்றால் நோர்வேக்குப் பதினாலு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேணும் என்று அதில் எழுதியிருந்தது. சனம் இரண்டையும் யுத்த நிறுத்தம் என்றுதான் கதைத்தது. 2008 ஜனவரியில் அந்தப் பதினாலு நாள் ஓடினபோதுதான் நான் முதன்முதலாக உடன்படிக்கையை எடுத்து உறுப்புரை உறுப்புரையாக வாசித்தேன். பிந்திய வாசிப்பு.


வியாழன் இரவு, தஞ்சாவூர்

டொரன்டோ அன்பர் சொன்னது நியாயம். ‘போர்க்கிடப்பு’, ‘போர்ச்சந்து’ இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

அப்படியானால் நமக்கு வேண்டியது போரைப் பற்றி வாய் திறக்காத ஒரு சொல். காயல் அன்பர் சொன்ன எபிரேயச் சொல்லில் அது இருக்கிறது; ஆர்மிஸ்டிஸின் இலத்தீன் மூலமும் அதுவே, ஆயுதம் நிற்றல். போர் என்ன ஆயிற்று என்று அவை சொல்வதில்லை, ஆயுதம் ஓய்ந்தது என்பதோடு சரி. தமிழில் ‘படை’ என்றால் சேனை மட்டுமன்று, கையில் பிடிக்கும் கருவியும் படைதான். ‘படைக்கலம்’ என்று இன்றும் சொல்கிறோமே. எனவே ‘படையோய்வு’. சேனையும் ஓய்ந்தது, கருவியும் ஓய்ந்தது. மற்றதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.


வெள்ளி, மதுரை

ராணுவத்தில் ரிட்டயர்மென்ட் வாங்கிய மாமாவுக்கு வரும் பென்ஷன் கடிதத்தில் இருக்க வேண்டிய சொல் இது. ‘படை ஓய்வூதியம்’ என்று ஒரு கணம் படித்துவிட்டேன்.

ஆனால் ஐந்து எழுத்து. போர்நிறுத்தத்தைவிட இரண்டு குறைவு. பேசலாம்.


வெள்ளி மாலை, காயல்பட்டினம்

சேர்த்து எழுதினால் ஓய்வூதிய வாடை குறையும். படையோய்வு உடன்படிக்கை என்று முழுசாக வாசித்துப் பார்த்தேன், நாக்கில் தடங்கவில்லை. எனக்குச் சம்மதம்.


சனி காலை, சென்னை

‘படையோய்வு’ என்று வைத்துக்கொண்டேன். பழைய வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: “இப்போதைய இடைக்காலப் போர்நிறுத்தத்திலிருந்து நிலையான சமாதானத்துக்குச் செல்ல ஏதுவாக, பாலஸ்தீனத்தின் எல்லாப் பகுதிகளிலும் படையோய்வு ஏற்படுத்தப்பட வேண்டும்.” மகள் வாசித்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல அறிகுறி.

இதோடு இன்னொரு பிழையும் திருந்தியது. வரைபடத்துக்குக் கீழே ‘1949 போர்நிறுத்த எல்லை’ என்று எழுதியிருந்தேன். எகிப்து ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்தக் கோட்டை எந்த வகையிலும் அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ கொள்ளக்கூடாது என்று அடித்துச் சொல்கிறது. ஆகவே எல்லை போய் ‘படையோய்வுக் கோடு’ ஆகியிருக்கிறது. வரைபடத்தில் பச்சை மையால் இழுத்ததால் இன்றைக்கும் உலகம் பச்சைக்கோடு என்று அழைப்பது அதைத்தான்.

கடைசியாக ஒரு சிக்கல். 1948 நவம்பர் 30 அன்று ஜெரூசலேமில் இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானும் ஜோர்டானின் அரபுப் படையணித் தளபதி அப்துல்லா அல்-தெல்லும் ஒரே வரைபடத்தில் தத்தம் நிலையைக் குறித்தார்கள். தயான் பச்சைப் பென்சில், அல்-தெல் சிவப்பு. மழுங்கிய மெழுகுப் பென்சில்கள், கோடு மூன்று நாலு மில்லிமீட்டர் தடிப்பு. வரைபட அளவு ஒன்றுக்கு இருபதாயிரம். ஆகவே காகிதத்தில் மூன்று மில்லிமீட்டர் தரையில் அறுபது மீட்டர், நாலு என்றால் எண்பது. ஒரு தெருவும் அதன் இருபக்க வீடுகளும் பென்சில் தடத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். கோட்டின் அகலம் யாருக்குச் சொந்தம் என்று பிறகு தகராறு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடந்த நிலம் இன்னொரு தகராறு. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தை ‘ஆளில்லா நிலம்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் சில இடங்களில் ஆள் இருந்தார்களே?


சனி இரவு, டொரன்டோ

அதற்குப் புதுச்சொல் தேவையில்லை, தம்பி. வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் ஆமியின்ர சோதனைச்சாவடிக்கும் புலிகள் இயக்கத்தின்ர சாவடிக்கும் நடுவில் இருந்த துண்டை நாங்கள் ‘சூனியப் பிரதேசம்’ என்றுதான் சொன்னனாங்கள். செஞ்சிலுவைக் கொடி நடுவில் பறக்கும். வெயிலுக்குள்ள பையைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்திருக்கிறன். அதையே போடுங்கோ.