வழியை மாற்றிக்கொண்டது எச்சரிக்கையா, பயமா?

மாலைநடை:
பத்து நாள் முன்பு, இருட்டிய பிறகு நடந்து வந்துகொண்டிருந்தேன். காதில் பாட்டு. ஒருவன் முன்னால் வந்து மறித்து, "தினமும் இந்த வழியாத்தானே போறே, தெரியும்" என்றான். எதிரே சைக்கிள் வந்ததும் நகர்ந்துவிட்டான். நான் கத்தவில்லை, ஓடவில்லை, மரம் மாதிரி நின்றேன். வீட்டு வாசலில்தான் கை நடுங்க ஆரம்பித்தது, சாவி பூட்டில் நுழையவே இல்லை. இப்போது இருபது நிமிடம் சுற்றிப் போகிறேன். அக்கா பயந்தாங்கொள்ளி என்கிறாள்.

காவற்கோபுரம்:
அக்கா சொல்வதைக் கேட்காதீர்கள். துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் விழிப்பு நிலையை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்தார். காதில் பாட்டோடு போனது வெள்ளை, சுற்றிலும் கவனமே இல்லாத நிலை. இனி வெளியே கால் வைத்தாலே ஆரஞ்சு.

நீலமை:
கூப்பரைத் தப்பாகச் சொல்கிறீர்கள். அன்றாடத்துக்கு அவர் சொன்னது மஞ்சள்: பதற்றமில்லாமல் சுற்றிலும் கண் வைப்பது. குறிப்பாக ஒன்று உறுத்தினால்தான் ஆரஞ்சு. நாள் முழுக்க ஆரஞ்சில் இருந்தால் உடம்பு தாங்காது. பாட்டு கேட்டதைக் குற்றமாக்குவதும் வேண்டாம். உறைந்து நிற்பது கோழைத்தனமில்லை, ஆபத்தில் உடம்பு தானாகச் செய்வது. ஆனால் ஒதுங்கப் பழகினால் பயம் வளரும். இன்று அந்தத் தெரு, நாளை மாலை நேரம், அப்புறம் வாசற்படி.

காவற்கோபுரம்:
அதெல்லாம் ஆபத்து முடிந்துபோனவர்களுக்கு. இங்கே மறித்தவன், உங்கள் வழி தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். லிஃப்டில் மாட்டியவரை மறுபடி லிஃப்டில் ஏறச் சொல்வதும் இதுவும் ஒன்றா?

நீலமை:
ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு வழியை மாற்றியது சரி. போலீஸில் சொன்னீர்களா?

மாலைநடை:
இல்லை, தொடவில்லையே என்று விட்டுவிட்டேன். புது வழியிலும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். நேற்று ஒருவர் தோளைத் தொட்டார், கையிலிருந்த தண்ணீர் முழுக்க மேஜையில். தூக்கமும் இல்லை. மாத்திரை கேட்கலாமா?

வழிப்போக்கன்:
தொடாவிட்டாலும் மிரட்டல் மிரட்டல்தான், புகார் கொடுங்கள். தேதி, நேரம், அவன் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இன்றே எழுதுங்கள், ஞாபகம் ஏமாற்றும். மாத்திரையில் ஒரு விஷயம்: இப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் வகை (பதற்றம் தணிக்கவும் தூங்கவும் தரும் மாத்திரைகள்) கொடுக்க வேண்டாம் என்று 2013இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. பலருக்கு இந்தத் திடுக்கிடல் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் இருந்தால், அல்லது அதற்கு முன்பே வேலை, சாப்பாடு கெட்டால், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மாலைநடை:
எழுத உட்கார்ந்தேன். முகம் சரியாக வரவில்லை. இடது கால் செருப்பின் வாரை நீலக் கயிற்றால் கட்டியிருந்தான், அது மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அதையும் எழுதிவிட்டேன். நாளை அக்காவோடு ஸ்டேஷன்.

காவற்கோபுரம்:
நல்லது. அந்தத் தெரு மட்டும் ஆறு மாதத்துக்கு வேண்டாம்.

நீலமை:
தனியாக வேண்டாம் என்று சொல்லுங்கள், சண்டையை நிறுத்துகிறேன்.