சீமைக்கருவேலம்: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

மண்வெட்டி:
ராமநாதபுரம் பக்கம் எங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் முள்தான் நிற்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும் எங்கள் ஊரிலும் வெட்டினார்கள். தூரை எடுக்கவில்லை. அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் ஆறேழு கிளை. ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடுங்கவேண்டும்.

கரிமூட்டம்:
விவசாயம் பொய்த்த வருஷங்களில் எங்களுக்குச் சோறு போட்டது இந்த முள்தான் அண்ணே. கரி சுட, இதன் விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, நாள்கணக்கில் புகைய விடவேண்டும். மூட்டத்தில் ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் அப்பா ராத்திரி பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுப்பார். பிடுங்கிவிட்டு எங்களுக்கு என்ன தரப்போகிறீர்கள்? அப்புறம் அந்த வாட்ஸப் கதை: 'இந்த மரம் ஆக்சிஜனே விடாது'. அதையும் நம்புகிறீர்களா?

மண்வெட்டி:
அது புருடாதான். எந்தப் பச்சை இலையும் ஆக்சிஜன் விடும். ஆனால் ஆழத்துக்கு வேர் விட்டுத் தண்ணீர் குடிப்பது புருடா இல்லை. அடர்ந்த முள்காட்டுக்குள் புல்லைத் தேடிப் பாருங்கள்.

வெளிமான்:
புல் என்றதும் சொல்கிறேன். குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியில், உப்பு பரவாமல் தடுக்க 1961-இல் வனத்துறையே இதை நட்டது. இன்று அங்குள்ள மாட்டுக்காரர்கள் இதைப் 'பைத்தியக் கருவேலம்' என்கிறார்கள். கோடியக்கரையிலும் வெளிமான் மேயும் புல்வெளிக்குள் புகுந்துவிட்டது. நெற்று இனிப்பு. கால்நடை தின்னும், விதை சாணத்தோடு வந்து முளைக்கும்.

கரிமூட்டம்:
சரி, எங்கள் ஊரில் சீமையோடு நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துத்தானே சாய்த்தார்கள்? பூவைப் பார்த்தாலே தெரியும். நாட்டு மரத்துக்கு மஞ்சள் உருண்டை, சீமைக்குப் பூனைவால் மாதிரிக் கதிர். அதைக்கூடப் பார்க்காதவர்கள் கையில் இயந்திரத்தைக் கொடுக்கலாமா?

மண்வெட்டி:
அந்தக் குற்றச்சாட்டு நியாயம். எங்கள் கரையிலும் இரண்டு நாட்டு மரம் போனது. அதற்காகச் சீமையை விடமுடியுமா?

கரிமூட்டம்:
கண்மாய், ஓடை, புல்வெளியில் நிற்பதைத் தூரோடு எடுங்கள், நானும் வருகிறேன். பட்டா நிலத்தில் நிற்பதைக் கரிக்கு விடுங்கள்.

மண்வெட்டி:
பட்டா எல்லை ஆட்டுக்குத் தெரியுமா தம்பி? உங்கள் காட்டில் நெற்றைத் தின்றுவிட்டு என் கண்மாயில் வந்துதானே புழுக்கை போடும்!