சூடானதும் இழுவை குறையும் பழைய பெல்ட் வண்டி: வாங்கலாமா?

தொண்டிப் பக்கம் 11 ஏக்கர் மானாவாரி நெல். தை பிறந்ததும் அறுப்பு. கண்மாய் ஓரத்து வயலில் அப்போதும் கால் புதையும், டயர் வண்டி இறங்காது. அதனால் விலைக்கு வந்திருக்கும் குபோட்டா டிசி-68 பெல்ட் வண்டியை (ரப்பர் டிராக்கில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம்) பார்த்தாச்சு. மீட்டரில் 3,150 மணி.

காலையில் வரப்பில் முக்காமல் ஏறுகிறது. 40 நிமிடம் அறுத்தபின் அதே வரப்பில் நின்றுவிடுகிறது. லீவரை முழுக்கத் தள்ளினாலும் இன்ஜின் சத்தம் இறங்குவதில்லை. சுமையே இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. முன்னே, பின்னே இரண்டு பக்கமும் ஒரே தளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் என்றால், ஆயில் அழுத்தம் மீறும்போது திறக்கும் ரிலீஃப் வால்வைச் சந்தேகப்படலாம்.

ஹைட்ராலிக் ஆயில், ஃபில்டர் இரண்டும் புதுசு. பம்பை ஓட்டும் பெல்ட்டை இறுக்கி, வழுக்கவில்லை என்று சுண்ணாம்புக் கோடு போட்டும் பார்த்தாயிற்று. ஆயில் கூலரில் அடைந்திருந்த தூசியையும் ஊதியாச்சு. மாற்றமில்லை.

மற்றபடி ரப்பர் டிராக்கில் கம்பி வெளியே தெரியவில்லை. கதிரடிக்கும் டிரம்மில் முன்வரிசைப் பற்கள் மட்டும் மழுங்கல். தானிய எலிவேட்டரின் அடித்தகடு உப்புக்காற்றில் அரித்து, விரல் நுழையும் ஓட்டை. அது வெல்டிங் வேலை, கவலையில்லை. வயரிங் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கிறது.

கேள்வி ஒன்றுதான்: தேய்ந்தது ஹெச்எஸ்டி (இன்ஜின் சக்தியை ஆயில் அழுத்தம் மூலம் டிராக்குக்குக் கொண்டுபோகும் அமைப்பு) பம்பா, மோட்டாரா என்று, அதைக் கழற்றாமலே, விலை பேசுவதற்கு முன் கண்டுபிடிக்க என்ன சோதனை செய்யலாம்?